விழாத உலக்கை

பாம்பு சூரியனைப் பிடித்தபோது ஊருக்கெல்லாம் பொதுவாகத்தான் பிடித்தது. விடும்போதுதான் சீனியம்மாள் வீட்டை மட்டும் மறந்துவிட்டுப் போனது.

வெள்ளூரணி காலண்டர் அச்சடிக்கிற ஊர். மழை எட்டிப் பார்க்காத பொட்டல் என்பதால் அங்கே காகிதம் சுருளாது, பசை சீக்கிரம் காயும். எந்த நாளில் நல்ல நேரம், எந்த நாளில் எமகண்டம், எந்த மாதம் கிரகணம், அது எப்போது பிடித்து எப்போது விடும் என்பதையெல்லாம் அச்சடித்து ஊர் ஊராகச் சுவரில் தொங்கவிடுகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். ஆண்கள் அச்சகத்தில் நிற்பார்கள். பெண்கள் வீட்டில் உட்கார்ந்து தேதித்தாள்களை அடுக்கி, மைதாப் பசை தடவி, சாமி படம் போட்ட அட்டையில் ஒட்டிக் கொடுப்பார்கள். சீனியம்மாளும் ஒட்டுகிறவள்தான். ஒட்டுகிறவள் என்பதாலேயே அவளுக்குக் காலண்டர் மேல் நம்பிக்கை கிடையாது. ஒரு தடவை அவள் கை தவறி ஒரு தேதிக்கட்டில் ஒரு வெள்ளிக்கிழமையே விடுபட்டுப் போனது. அந்தக் காலண்டரை வாங்கின ஏதோ ஒரு வீடு வெள்ளிக்கிழமையே இல்லாமல் அந்த வாரத்தைக் கடந்திருக்கும், அதனால் அவர்களுக்கு என்ன ஆனதோ என்று நினைத்து நினைத்து அவளுக்கு வெகுநாள் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் கிரகணத்தன்று தெருவில் மற்றவர்களெல்லாம் சுவரில் தொங்கிய நேரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் பரணிலிருந்து உலக்கையை இறக்கிக் கழுவி, பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, நடுக்கூடத்தில் வைத்து அதில் நிறுத்தினாள். கிரகணம் பிடித்திருக்கும்வரை உலக்கை தானாக நிற்கும், விட்டால் தானாக விழும். உலக்கைக்கு அச்சுப்பிழை வராது.

வீட்டுக்குள் அவள் மகள் தங்கேஸ்வரி நிறைமாதமாக இருந்தாள். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவள் புகுந்த வீட்டில் ஓரகத்தி பிள்ளை ஒன்று உதடு பிளந்து பிறந்து, ஆஸ்பத்திரியில் தைத்து இப்போது பள்ளிக்கூடத்தில் பாட்டெல்லாம் பாடுகிறது. ஆனாலும் அந்தப் பிள்ளையின் தாய் கிரகண நேரத்தில் ஒரு கத்தரிக்காயை நறுக்கிவிட்டாள் என்று அந்த வீட்டில் இன்றைக்கும் அவளுக்குச் சோற்றோடு சேர்த்தே அந்தப் பேச்சைப் பரிமாறுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்தவள் தங்கேஸ்வரி. ஆகவே தாய் சொல்லுமுன்பே மகள் பாயில் நேராகப் படுத்து, கையைக் காலை மடக்காமல், நகத்தைக் கடிக்காமல், சொறியாமல் கிடந்தாள். சீனியம்மாள் அரிசிப் பானையிலும் ஊறுகாய் ஜாடியிலும் தண்ணீர்க் குடத்திலும் தர்ப்பையைக் கிள்ளிப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தபோதுதான் தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் கண்ணில் பட்டன. மற்ற நாளில் அந்த ஓட்டைகள் வழியாகத் தரையில் காசு காசாக விழும் வெயில், அன்றைக்குப் பாதி கடித்த அப்பளங்களாக விழுந்து, தங்கேஸ்வரியின் கால்மாட்டை நோக்கி நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

"எம்மா, அது மேல பட்டுரும்மா!"

சீனியம்மாள் முக்காலியில் ஏறி, கழிவுத் தேதித்தாள்களில் பசையைத் தடவி ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தாள். ஒரு செவ்வாய், ஒரு புதன், ஒரு அமாவாசை, ஒரு ஆடிப்பெருக்கு என்று கூரை முழுக்க நாட்களை ஒட்டி முடித்தபோது வீடு இருட்டிவிட்டது.

வெளியே கிரகணம் விட்டது. தெரு குளித்தது, தாளித்தது. அடுத்த வீட்டுச் செல்லக்கிளி தலையில் துண்டோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன மதினி, இன்னுமா குளிக்கல? டிவியிலயே விட்டுருச்சுன்னுட்டான்."

"உலக்கை விழலயே."

"காத்து படாத இடத்துல நிறுத்தினா எப்படி விழும்? லேசா ஊதிவிடுங்க."

"ஊதினா அது தானா விழுந்ததா ஆகுமா?" என்றாள் சீனியம்மாள். பின்னால் அவள் எத்தனையோ தடவை நினைத்துப் பார்க்கப்போகிற பேச்சு அது.

உலக்கை சாயங்காலமும் நின்றது, மறுநாளும் நின்றது. மறுநாள் உச்சியில், அடுப்படியில் அவள் அடைக்க மறந்த ஒரே ஓட்டை வழியாக வெயில் உள்ளே வந்து விழுந்தது. வெளியே போய்ப் பார்த்தால் சூரியன் முழுசாக நின்று காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே வந்து பார்த்தால் தரையில் கடித்த அப்பளம் கிடந்தது. அவள் கணவன் பரமகுரு, அச்சகத்தில் தாள் வெட்டும் மிஷினில் வேலை பார்ப்பவர், வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்து நடந்து பார்த்துவிட்டு, "சரிதான்" என்று மட்டும் சொன்னார். சீனியம்மாள் அந்த ஓட்டையையும் அடைத்தாள்.

அச்சகத்துக்குப் பஞ்சாங்கம் கணித்துக் கொடுக்கிற அய்யாத்துரை ஜோசியரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் உலக்கையைச் சுற்றிவந்து, அதன் பூண் தண்ணீரில் துருப்பிடிக்காமல் இருப்பதைக் குனிந்து பார்த்து, யாரும் கேட்டுவிடாத குரலில் சொல்வதுபோல எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"சூரியன்னா தகப்பன், ஆத்தா. சந்திரன்னா தாய். கிரகணம்ங்கிறது பாம்பு வந்து தாயையோ தகப்பனையோ கொஞ்ச நேரம் வாயில வச்சுக்கிடுறது. எல்லா வீட்டுலயும் துப்பிட்டுப் போயிருச்சு. இங்க துப்பல."

"எப்பய்யா துப்பும்?"

"அது உலக்கைக்குத்தான் தெரியும்."

"வெளிய நல்லா வெயில் அடிக்குதே, பிள்ளைய வெளிய கூட்டிட்டுப் போயிரட்டுமா?"

"பிடிச்ச வீட்டுல இருந்து மாசமானவ படி தாண்டினா, பிடிச்சது வீட்ட விட்டுட்டு வயித்தப் பிடிச்சுக்கிடும். உம்பாடு, உம்மக பாடு" என்றார் ஜோசியர்.

இப்படியாக அந்த வீட்டுக்குக் கிரகணம் நிலைத்துப்போனது. ஊர் என்றால் ஒன்றைப் பார்த்து முதலில் பயப்படும், அப்புறம் அதற்கு ஒரு கூட்டம் போடும், அப்புறம் அதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கும். கிரகணம் வீட்டுக்கா தெருவுக்கா என்று கேள்வி வந்தது. தெருவுக்கு என்றால் பிள்ளையார் கோவில் நடையைச் சாத்த வேண்டும், கல்யாணம் காதுகுத்து வைக்க முடியாது. ஆகவே கூட்டத்தில் பேசி வீட்டுக்குத்தான் என்று முடிவு செய்து, சீனியம்மாள் வாசலில் நீளமாக ஒரு சுண்ணாம்புக்கோடு போட்டார்கள். அந்தப் பக்கம் கிரகணம், இந்தப் பக்கம் நாள் கிழமை. கிரகணத்தில் சமைத்ததைச் சாப்பிடக்கூடாது என்பதால் செல்லக்கிளி தன் வீட்டில் பொங்கிய சோற்றைத் தர்ப்பை போட்டுக் கோட்டுக்கு வெளியே நின்று நீட்டினாள். சில நாள் அன்போடு நீட்டினாள், சில நாள், "உங்க வீட்டு ராகுவுக்கு ரசம் போதுமா, இல்ல அப்பளம் பொரிக்கணுமா?" என்று கேட்டு நீட்டினாள். சீனியம்மாள் இரண்டையும் வாங்கிக்கொண்டாள்.

அப்புறம்தான் யாரோ ஞாபகப்படுத்தினார்கள், கிரகண நேரத்தில் தண்ணீரில் நின்று ஒரு தடவை மந்திரம் சொன்னால் மற்ற நாளில் ஆயிரம் தடவை சொன்னதற்குச் சமம் என்று. முதலில் கோர்ட்டில் கேஸ் உள்ள ஒருவர் வந்தார். பிறகு பரீட்சை எழுதுகிற பிள்ளைகள், மாப்பிள்ளை அமையாத பெண்கள், நாற்பது வயதிலும் வேலை அமையாத ஆண்கள், திக்குவாய் போக வேண்டுமென்று வந்த தவில்காரர் ஒருவர். கோட்டைத் தாண்டி வந்து, கொல்லையில் தாங்களே கொண்டுவந்த பிளாஸ்டிக் வாளியிலும் அண்டாவிலும் காலை விட்டுக்கொண்டு கண்ணை மூடி முணுமுணுத்தார்கள். காலை முதல் பொழுது சாயும்வரை அந்த வீடு ஒரு பெரிய வண்டுக்கூடு போல ரீங்கரித்தது. பரமகுரு வேலைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு, யார் கையும் படாமலிருக்க உலக்கையைச் சுற்றி மரச்சட்டத்தில் ஒரு வேலி அடித்தார், வந்தவர்களை வரிசையில் விட்டார், வாழ்நாளில் ஒருவரும் எதையும் கேட்டிராத அவரிடம் எல்லோரும், "அண்ணாச்சி, உள்ள போகலாமா?" என்று கேட்டார்கள். அச்சக முதலாளியும் வந்தார். அடுத்த வருஷக் காலண்டரில் சென்ற கிரகணத்தைப் பற்றி என்ன போடுவது என்று ஜோசியரோடு வெகுநேரம் பேசிவிட்டுப் போனார். அந்த வருஷம் அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், "ஒரு வீட்டில் மட்டும் இன்னும் விடவில்லை" என்று வந்தது. அதையும் சீனியம்மாள்தான் கட்டுக் கட்டாக ஒட்டிக் கொடுத்தாள்.

இவ்வளவுக்கும் நடுவே தங்கேஸ்வரி பாயில் நேராகப் படுத்துக் கிடந்தாள். பத்தாம் மாதம் வந்தது, வலி வரவில்லை. பத்தாம் மாதம் போனது, வலி வரவில்லை. வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது, உதைத்தது, விக்கியது. வெளியே மட்டும் வரவில்லை. நல்ல நேரம் வரட்டும் என்று அது உள்ளேயே காத்திருப்பதாக ஜோசியர் சொன்னார். தங்கேஸ்வரிக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. "எம்புள்ளைக்கு விவரம் இருக்கும்மா, குறையோட வரமாட்டேங்குது" என்று சொல்லி வயிற்றைத் தடவப் போவாள். தடவலாமா கூடாதா என்று சந்தேகம் வந்து கையை எடுத்துக்கொள்வாள்.

கிராம நர்ஸ் ஜெபமணி கோடு, வேலி எதையும் மதிக்காமல் வந்து போய்க்கொண்டிருந்தவள். வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, முதல் தடவையிலேயே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். வண்டி வந்து சுண்ணாம்புக்கோட்டில் நின்றது. தங்கேஸ்வரி நிலைப்படியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். வயிற்றுப் பிள்ளைக்காரியை எவ்வளவு இழுக்க முடியும்? நகம் பிய்ந்து மரத்தில் ரத்தம் பட்டதும் வண்டிக்காரர்கள் கையை விட்டுவிட்டார்கள்.

"ஏத்தா, நீயாவது சொல்லேன்" என்றாள் ஜெபமணி சீனியம்மாளிடம்.

சீனியம்மாள் வாயைத் திறந்தாள். படி தாண்டி, பிள்ளை குறையோடு பிறந்துவிட்டால், தாண்டச் சொன்னவள் என்று அந்த வார்த்தை காலத்துக்கும் தன் பேரில் நிற்குமே என்று தோன்றியது. படி தாண்டாமல் பிள்ளை உள்ளேயே இருந்துவிட்டால்? அதற்கும் தன் பேர்தான். உலக்கையை நிறுத்தியவள் அவள்தானே. திறந்த வாயை அவள் மூடிக்கொண்டாள். வண்டி வெறுமனே திரும்பிப் போனது.

மாப்பிள்ளை கணேஷ்பாண்டி திருப்பூரிலிருந்து மாதாமாதம் வந்தான். கோட்டுக்கு வெளியே நின்று, "எப்படி இருக்கே?" என்று கேட்பான். உள்ளே இருட்டிலிருந்து, "இருக்கேன்" என்று பதில் வரும். பிடித்திருப்பது தகப்பனை என்பதால் தகப்பன் உள்ளே போகக்கூடாது என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு தடவை பழம் வாங்கி வந்து கோட்டின் மேலேயே வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு வரவில்லை. அவன் தாய் மட்டும் ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள்: பிறந்தால் சொல்லுங்கள், என்ன பிறந்தது என்று மட்டுமல்ல, எப்படிப் பிறந்தது என்றும் சொல்லுங்கள்.

சீனியம்மாள் தினமும் விடிந்ததும் ஒரு வேலை செய்வாள். கொல்லையில் ஜபக்காரர்களின் வாளிகளுக்கு நடுவே தன் தவலையைத் தேடி எடுத்து, பழைய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீர் பிடித்து, மஞ்சளை உரசிப் போட்டு மூடி வைப்பாள். கிரகணம் விட்டதும் தலைக்கு ஊற்றிக்கொள்கிற தண்ணீர் அது. எந்த நேரத்தில் விட்டாலும் தாமதம் ஆகிவிடக்கூடாது.

ஒரு சந்திர கிரகணம் வந்தது. அதற்குள் ஜெபமணி மாதத்தை எண்ணுவதை நிறுத்தியிருந்தாள். ஜோசியர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "சந்திரன் தாய் இல்லையா? தாயை விடும்போது தகப்பனையும் சேத்து விட்டுரும். வந்த வழியிலேயே போயிரும்." சீனியம்மாள் நம்பினாள். நம்பாமல் வேறு என்ன செய்வாள்? தெரு முழுவதும் அன்றைக்கு உலக்கை நிறுத்தியது; அவள் வீட்டைப் பார்த்துவிட்டு இப்போது எல்லோருக்கும் உலக்கை வேண்டியிருந்தது. நிலவு கறுத்தது, சிவந்தது, வெளுத்தது. ஒவ்வொரு வீடாக உலக்கை விழும் சத்தம் தெருமுனையிலிருந்து நெருங்கி வந்தது: டங், டங், டங் என்று பால்காரன் கதவு தட்டிக்கொண்டு வருகிற மாதிரி. செல்லக்கிளி வீட்டில் டங் என்று கேட்டது. சீனியம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாம்பாளத்தைப் பார்த்தாள். அடுத்த சத்தம் அவள் வீட்டைத் தாண்டி அந்தப் பக்கத்து வீட்டில் கேட்டது.

மறுநாளே ஜெபமணி வந்தாள். கருவியை வயிற்றில் வைத்து வெகுநேரம் கேட்டாள். அப்புறம் சீனியம்மாளைக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அண்டாவில் நின்ற ஒருவர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

"துடிப்பு குறையுதுத்தா."

"நேத்துகூட உதைச்சுச்சே."

"பொறக்கப்போற பிள்ளை துடிப்பு குதிரை ஓடுற மாதிரி இருக்கும். இது அப்படி இல்ல. வயசானவங்க படியேறுறாப்புல நின்னு நின்னு கேக்குது. இது உள்ளேயே வாழ்ந்து முடிச்சிரும் போல இருக்கு."

சீனியம்மாள் உள்ளே வந்தாள். நல்ல உச்சிப்பொழுது. கூடம் நிறைய ஆட்கள். பரமகுரு வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒருவருக்கு வரிசையைக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலியைத் தாண்டினாள்.

"ஏ சீனி, என்ன பண்றே? ஏய்!"

அவள் உலக்கையைப் பிடித்தாள். இறுக்கமாக இருக்கும், பூமியில் வேர் விட்டிருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படியெல்லாம் இல்லை. நெல்லு குத்தும்போது எப்படி இருக்குமோ அப்படி, அவள் கைக்குப் பழகிய கனத்தில், சொன்னபடி கேட்கிற சாதாரண உலக்கையாக இருந்தது. அவள் தள்ளினாள். அது தாம்பாளத்தின் விளிம்பில் இடித்து, மஞ்சள் தண்ணீரைத் தெறித்துக்கொண்டு, வேலியை உடைத்துக்கொண்டு விழுந்து உருண்டு, செருப்புகள் கிடந்த இடத்தில் போய் நின்றது.

ரீங்காரம் நின்றது.

"விழுந்துருச்சு" என்றாள் சீனியம்மாள். "விட்டுருச்சு. தங்கம், எந்திரி. வண்டி வரட்டும். குளிச்சுட்டுப் போயிரலாம், தண்ணி எடுத்து வச்சிருக்கேன்."

தங்கேஸ்வரி எழுந்திருக்கவில்லை. முகத்தை மட்டும் திருப்பி, உருண்டு கிடந்த உலக்கையைப் பார்த்தாள். அழுதால்கூட வயிறு குலுங்கிவிடுமோ என்று அடக்கிக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்.

"என்னம்மா பண்ணிட்டே? தானா விழுந்தாத்தானம்மா விட்டுச்சுன்னு அர்த்தம்."

"எப்படி விழுந்தா என்னடி..."

"இனிமே அது எப்ப விட்டுச்சுன்னு எப்படித் தெரியும்? நாளைக்கு அதுவா விழ இருந்திருக்கலாம். இன்னைக்கே விழ இருந்திருக்கலாம். நீ தள்ளிட்டியே."

பரமகுரு உலக்கையைத் தூக்கி மறுபடி தாம்பாளத்தில் நிறுத்திப் பார்த்தார். நிற்கவில்லை. மறுபடி நிறுத்தினார், மறுபடி சாய்ந்தது. "நிக்கலன்னா விட்டுருச்சுன்னுதானே அர்த்தம்?" என்று ஒருவர் கேட்டார். "கிரகணம் பிடிச்ச வேளையில நிறுத்தினாத்தான் அது நிக்கும், இடையில நிறுத்தினா எப்படி நிக்கும்?" என்று இன்னொருவர் கேட்டார். ஜோசியர் வந்து, தண்ணீர் சிந்திக் கிடந்த தாம்பாளத்தைப் பார்த்து, "இனி என் கையில இல்ல" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். இருக்கிற கிரகணமா இல்லாத கிரகணமா என்று தெரியாத இடத்தில் ஜபம் செய்து என்ன பலன் என்று வாளிக்காரர்கள் தண்ணீரைக் கொட்டிவிட்டு அவரவர் வாளியோடு போனார்கள். ஊருக்கு அதுவும் சில நாளில் பழகிவிட்டது. சுண்ணாம்புக்கோட்டை யாரும் அழிக்கவுமில்லை, புதுப்பிக்கவுமில்லை; அது மங்கி மங்கிப் போன பிறகும், அந்த இடம் வந்ததும் எல்லோரும் காலைச் சற்று ஒதுக்கி வைத்து நடந்தார்கள். செல்லக்கிளி சோற்றில் தர்ப்பை போடுவதை விட்டுவிட்டாள். ஆனால் கோட்டுக்கு வெளியே நின்றுதான் நீட்டினாள். பரமகுரு பழையபடி அச்சகத்துக்குப் போனார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒருநாள் மத்தியானம், வீட்டில் தாயும் மகளும் மட்டும் இருந்தபோது, சீனியம்மாளுக்குக் கூரை ஞாபகம் வந்தது.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஒட்டின தாள்களின் பின்னால் ஆணி ஓட்டைகள் மங்கலாக மஞ்சள் பூத்திருந்தன. ஒரே ஒரு தாளைப் பிய்த்தால் போதும். தரையில் விழுவது முழுக்காசா, கடித்த அப்பளமா என்று பார்த்துவிடலாம். முழுசாக விழுந்தால் மகளை இழுத்துக்கொண்டு ஓடலாம். அவள் முக்காலியைப் போட்டு ஏறினாள். கைக்கு எட்டியது ஒரு வெள்ளிக்கிழமை. பசை காய்ந்து மூலை ஓரமாகக் கிளம்பியிருந்தது. நகத்தை உள்ளே கொடுத்தாள்.

"எம்மா, வேண்டாம்மா."

தங்கேஸ்வரி நேர் கீழே படுத்திருந்தாள். தாளை எடுத்தால் வெயில் நேராக அவள் வயிற்றில்தான் விழும். முழுசாக விழுந்தால் சரி.

"விடலைன்னா?" என்று கேட்டாள் தங்கேஸ்வரி.

"கொஞ்சம் நகந்து படும்மா."

"நகரலாமாம்மா?"

சீனியம்மாளுக்குத் தெரியவில்லை. நகர்ந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை; அசையக்கூடாது என்று மட்டும்தான் சொல்லித் தந்திருந்தார்கள். அவள் நகத்தின் மேல் அந்த வெள்ளிக்கிழமை லேசாகச் சூடாக இருந்தது. காகிதத்துக்குப் பின்னால் இருக்கிற வெளிச்சம் வட்டமா, குறையா என்று கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். எவ்வளவு பார்த்தாலும் வெறும் மஞ்சளாகத்தான் தெரிந்தது. கீழே, வெகுநேரத்துக்கு ஒரு தடவை, உள்ளே பிள்ளை அசைய, மகளின் சேலை வயிற்றின் மேல் லேசாக எழும்பித் தணிந்தது, அடுத்தது எழும்புமா என்று காத்திருந்தாள், எழும்பியது.

கிளம்பியிருந்த மூலையை அவள் கட்டைவிரலால் அழுத்தினாள். ஒட்டவில்லை. எச்சிலைத் தொட்டு மறுபடி அழுத்தி, பசை பிடிக்கும்வரை விரலை எடுக்காமல் அப்படியே முக்காலி மேல் நின்றுகொண்டிருந்தாள்.